உள்ளே தட்டும் சத்தம்

– இந்த வண்டி போகாது, குட்டி. பையெல்லாம் கீழே இறக்கி வை.

– என்னப்பா சொல்றீங்க? காலையில என் வீட்டுலேர்ந்து இங்க வரைக்கும் நான்தானே ஓட்டிட்டு வந்தேன்? வரும்போது வந்த வண்டி திரும்பிப் போகாதா?

– வந்துச்சு. அது அதோட நல்ல மனசு. திரும்பிப் போற அளவுக்கு நல்ல மனசு அதுக்கு மிச்சம் இல்ல.

– பாத்தியாடி? நேத்தே ஃபோன்ல சொன்னேன்ல? நாம கிளம்பற நேரம் பாத்து வண்டிக்கு ஒரு வியாதி வரும், டாக்டர் உங்கப்பாவாத்தான் இருப்பார்னு சொன்னேன்ல?

– அம்மா, நீ கொஞ்சம் சும்மா இரு. அப்பா, என்ன கோளாறுன்னு தெளிவாச் சொல்லுங்க. பெல்ட்டா? பிளக்கா?

– இந்தப் பக்கம் வெளிச்சத்துக்கு வந்து பேசு, குட்டி. ஷெட்டுக்குள்ள ஒரே இருட்டா இருக்கு.

– பேசறதுக்கு எதுக்குப்பா வெளிச்சம்? சரி, வந்துட்டேன். பெல்ட்டா, பிளக்கான்னு கேட்டேன்.

– பெல்ட்டா இருந்தா நான் ஏன் இவ்வளவு பேசப்போறேன்? பெல்ட்டு கீச்சுனு கத்தும். பக்கத்து வீட்டுக் குழந்தை மாதிரி. கத்தும், அடங்கும், நீ மாத்திக்கலாம். மேல டிக் டிக்குன்னு ஊசி குத்தற மாதிரி வந்தா அது டாப்பெட். அதையும் நானே சரி பண்ணிடுவேன். இது அது ரெண்டும் இல்ல. கீழேயிருந்து வருது. டொக், டொக், டொக். மூடின கதவை உள்ளேயிருந்து ஒருத்தன் கையால தட்டற மாதிரி.

– அப்படின்னா?

– அடியில பேரிங் தேஞ்சு போச்சு. பிஸ்டனைப் பிடிச்சுட்டு இருக்கற ராடு இருக்கே, அது பிடிமானம் இல்லாம ஆடுது. ஆக்சிலேட்டரை மிதிச்சா வேகமாத் தட்டும். மேடு ஏறினா பலமாத் தட்டும். ரெட் லைட்டு ஒண்ணு, எண்ணெய்க் கிண்ணம் மாதிரி படம் போட்டது, சிக்னல்ல நிக்கும்போது மினுக்குச்சா இல்லையா? மறைக்காமச் சொல்லு.

– மினுக்குச்சு. ரெண்டு வாரமா. வண்டி நின்னா மினுக்கும், கிளம்பினா அணைஞ்சுடும். உங்க மாப்பிள்ளை ஏதோ வீடியோ பாத்துட்டு, அது லைட்டோட கோளாறு, கெட்டியான ஆயில் ஊத்தினா சரியாயிடும்னு சொல்லி ஊத்தினார். சத்தமும் கொஞ்சம் அடங்குச்சு.

– சத்தம் அடங்கும். வியாதி அடங்காது. வலிக்குதுன்னு அழறவன் வாயில துணி வெச்ச மாதிரிதான். மாப்பிள்ளைகிட்ட நான் இப்படிச் சொன்னேன்னு சொல்லிடாதே. நல்ல பையன், வீடியோ மட்டும்தான் கெட்டது.

– இது எதுக்குடி கதாகாலட்சேபம்? வாடி, கிளம்பலாம். இந்த மனுஷனுக்கு இன்ஜினைப் பத்திப் பேசச் சொன்னா விடிய விடிய பேசுவார்.

– இரும்மா. அப்பா, இதை நீங்களே சரி பண்ண முடியாதா?

– முடியாது. இன்ஜினை வெளியில இறக்கணும். அந்த ராடு மாட்டியிருக்கற கிராங்கைக் கழட்டி, அதுக்குன்னு மெஷின் இருக்கற கடையில குடுத்துத் தேய்க்கணும். என்கிட்ட இருக்கறது நாலு ஸ்பேனரும் ஒரு ஜாக்கியும். எனக்குத் தெரியாததைத் தெரியும்னு சொல்லி நான் கை வெச்சதில்ல. இழுவை வண்டி வரச்சொல்லி நல்ல இன்ஜின் கடைக்கு அனுப்பு. ஓட்டிட்டுப் போகாதே.

– ஓட்டினா என்ன ஆகும்?

– ராடு உடைஞ்சு இன்ஜினைப் பொத்துக்கிட்டு வெளியில வரும். வர்ற நேரத்துல நீ லாரிக்கு முன்னாடி இருக்கலாம், இறக்கத்துல இருக்கலாம். பக்கத்துல உங்கம்மா உட்கார்ந்திருப்பா. அதான் விஷயம்.

– என் மேல என்ன திடீர் அக்கறைன்னு கேளுடி.

– கேளுடின்னு என்கிட்ட ஏன் சொல்ற? நீயே கேட்டுக்கோயேன்.

– கேக்கறேன். இதோ, பின்னாடியேதான் நிக்கறேன். என்னங்க, நான் இன்னிக்கு என் பொண்ணு வீட்டுக்குப் போறேன். போனா திரும்பி வர்றதா இல்ல. அதுக்கு ஏதாவது சொல்றீங்களா?

– இந்த டிப்ஸ்டிக்கைப் பாரு, குட்டி. நுனியில பாரு. ஆயில் எப்படிக் கறுத்து, தார் மாதிரி இருக்கு.

– கேட்டியா பதிலை?

– அப்பா, அம்மா பேசறாங்க.

– விரல்ல தேச்சுப் பாத்தா மினுமினுன்னு தூள் ஒட்டும். ஜிகினா மாதிரி. அது ஜிகினா இல்ல, பேரிங்கோட உயிர். தேஞ்சு தேஞ்சு ஆயில்ல கலந்திருக்கு. இது தெரிஞ்சா அப்புறம் யோசிக்கவே கூடாது.

– போதுமா? ரெண்டு வருஷமா எனக்கு இதுதான் சாப்பாடு. நான் ஒண்ணு சொல்வேன், இவர் டிப்ஸ்டிக்கைத் தூக்கிக் காட்டுவார். இல்லன்னா 'சரி சரி'ம்பார். வீடு பத்தி எரியுதுன்னு சொன்னாலும் 'சரி சரி, அப்புறம் பாத்துக்கலாம்'னுதான் வரும்.

– அவர் குனிஞ்சுட்டு இருக்கார்மா. வேலை மும்முரத்துல கவனிச்சிருக்க மாட்டார்.

– கஸ்டமர் வந்தா மட்டும் எப்படிக் கவனிக்கிறார்? எதிர்ல போய் நிப்பார். மூஞ்சியையே பாப்பார், கண்ணெடுக்க மாட்டார். ஒவ்வொரு வார்த்தைக்கும் தலையை ஆட்டுவார். எனக்குக் காட்டறது முதுகு. கல்யாணமாகி வந்தப்போ அழகா ஒரு மூஞ்சி இருந்துச்சு, இப்போ அது எந்தப் பக்கம்னே மறந்துபோச்சு.

– உனக்கு வாய் மட்டும் குறையவே இல்லம்மா.

– சிரிக்காதே. இன்னொண்ணு கேளு. பொண்டாட்டி பேசினா டிவி சத்தத்தைக் கூட்டற புருஷனுங்க உண்டு. இவர் சத்தத்தையே எடுத்துட்டு வெறும் படத்தை உட்கார்ந்து பாக்கறார். அது என்ன வீம்புன்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் புரியல. டிவியும் பேசக் கூடாது, நானும் பேசக் கூடாது.

– குட்டி, அந்த நீளத் திருப்புளியை எடு. மஞ்சக் கைப்பிடி போட்டது. பெஞ்சு மேல இருக்கும்.

– இதுவாப்பா?

– அதான். குடு.

– இது இல்லாம உங்கப்பாவுக்கு இப்போ வேலையே ஓடறதில்ல. முன்னெல்லாம் தெருமுனையில வண்டி திரும்பும்போதே, வீட்டுக்குள்ள உட்கார்ந்தபடியே, 'ரெண்டாவது சிலிண்டர் அடிக்கல'ன்னு சொல்வார். இறங்கி வர்றவன் வாயைப் பொளந்துடுவான். இப்போ எல்லாத்துக்கும் அந்தக் கம்பியை இன்ஜின் மேல குத்தி, கைப்பிடியைக் காதுக்குப் பின்னாடி அழுத்திக்கிட்டு, கண்ணை மூடிட்டு நிக்கறார். வயசாச்சு, ஆனா ஒத்துக்க மாட்டார்.

– அம்மா, நான் ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதே. எல்லா வீட்டுலயும் இப்படித்தான் இருக்கு. பேசல, காதுல வாங்கல, சத்தமில்லாம டிவி பாத்தார்னு யாராவது வீட்டை விட்டுப் போவாங்களா? இந்த வயசுல?

– இதுக்கெல்லாம் நான் போகல.

– பின்ன?

– வேணாம் விடு.

– அம்மா, நான் லீவு போட்டு வந்திருக்கேன். உன் துணி மொத்தமும் டிக்கியில ஏத்தியிருக்கேன். காரணம் எனக்குத் தெரியணும்.

– உன் மாமா தவறிப்போனப்போ, அங்க வந்த எல்லார்கிட்டயும் உங்கப்பா ஏன் வரலன்னு நான் என்ன சொன்னேன்?

– முதுகு பிடிச்சுக்கிச்சு, படுத்த படுக்கையா இருக்கார்னு சொன்ன. நான்கூட அப்பாவுக்கு ஃபோன் பண்ணிப் பாத்தேன். வழக்கம் போல எடுக்கல.

– முதுகு நல்லாத்தான் இருந்துச்சு. நான் சொன்னது பொய்.

– என்னம்மா சொல்ற?

– போன மழை ஓய்ஞ்ச சமயம். ஃபோன் வந்துச்சு. தம்பி குளிச்சுட்டு வந்து சட்டை மாட்டும்போதே சாய்ஞ்சுட்டான்னாங்க. அவன் எனக்குத் தம்பியா? நான் இடுப்புல தூக்கி வளத்த பிள்ளைடி அது. ஷெட்டுக்கு ஓடி வந்தேன். இதே இடம். உங்கப்பா ஒரு வேனுக்கு அடியில படுத்திருக்கார். ரெண்டு கால்தான் வெளியில நீட்டிக்கிட்டு இருக்கு. நின்னு சொன்னேன். 'என்னங்க, தம்பி போயிட்டான். என் தம்பி போயிட்டாங்க.'

– அப்பா என்ன சொன்னார்?

– ஒண்ணும் இல்ல. ஸ்பேனர் திருகற சத்தம்தான். அதிர்ச்சியில பேச்சு வரலபோலன்னு நினைச்சேன். உள்ளே போய்ப் பையில நாலு துணியைத் திணிச்சுக்கிட்டுத் திரும்பி வந்தேன். அப்பவும் கால்தான். 'நான் கிளம்பறேன், நீங்க வர்றீங்களா இல்லையா'ன்னு கேட்டேன். அப்போ அடியிலேர்ந்து குரல் வந்துச்சு.

– என்னன்னு?

– 'போயிட்டு வா. மச்சானை நான் விசாரிச்சேன்னு சொல்லு.'

– அம்மா…

– நிதானமா சொன்னார். கல்யாணத்துக்குப் போறவகிட்ட சொல்ற மாதிரி. செத்துக் கிடக்கறவன்கிட்ட நான் போய்ச் சொல்லணுமாம், எங்க வீட்டுக்காரர் உன்னை விசாரிச்சாருடா தம்பின்னு.

– அப்பா அப்படிப் பேசற ஆளே இல்லையேம்மா. மாமா வந்தா இவங்க ரெண்டு பேரும் அடிக்கிற கூத்து என்ன, ராத்திரி பன்னண்டு வரைக்கும் சீட்டு என்ன…

– அதான்டி எனக்குத் தாங்கல. ஆகாதவனா இருந்தாக்கூட மன்னிச்சிருப்பேன். போயி, எல்லாம் முடிச்சுட்டுத் திரும்பி வந்தேன். எப்படிப் போச்சுன்னு ஒரு வார்த்தை கேப்பார்னு பாத்தேன். கேக்கல. என் மூஞ்சியைப் பாத்தார், தலையைக் குனிஞ்சுட்டு ஷெட்டுக்குப் போயிட்டார். அன்னிக்கு நான் மூடின வாய்தான். அதுக்கப்புறம் இவர்கிட்ட நான் ஒரு வார்த்தை பேசல. இன்னிக்குத்தான், போறேன்னு சொல்றதுக்காக வாயைத் திறந்தேன். அதுக்குக் கிடைச்ச பதிலை நீயே பாத்தே. டிப்ஸ்டிக்.

– நான் கேக்கறேன் அவரை. இப்பவே கேக்கறேன்.

– கேக்காதே. உன் கையைப் பிடிச்சுக் கேக்கறேன். இந்த மனுஷன் முன்னாடி என் தம்பி சாவை வெச்சு நியாயம் கேட்டு நிக்க மாட்டேன். பேசாமப் போயிடலாம். வண்டி நடு வழியில நின்னா நிக்கட்டும், நடந்து போவோம்.

– குட்டி, என்ன ரெண்டு பேரும் அங்கேயே நின்னுட்டீங்க? உன் மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?

– சாவியைக் குடுங்கப்பா. நாங்க கிளம்பறோம்.

– அம்மா கூட வர்றாளா?

– ஆமா. வர்றாங்க. கொஞ்ச நாளைக்கு இல்ல. ரொம்ப நாளைக்கு.

– தெரியும். டிக்கியில அவளோட எல்லாப் புடவையும் இருக்கு. பாத்தேன். போகட்டும். நான் தடுக்கல. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நானே கொண்டுவிடறேன். ஜன்னலோர சீட்டாப் பிடிச்சுக் குடுக்கறேன், அவளுக்கு வயித்தைப் புரட்டும். இந்த வண்டியில மட்டும் வேணாம்.

– எங்களை நிறுத்தி வைக்கறதுக்குத்தான் இப்படிச் சொல்றீங்கன்னு அம்மா நினைக்கிறாங்க. எனக்கும் இப்போ அப்படித்தான் தோணுது.

– தோணும். சரி, ஒண்ணே ஒண்ணு பண்ணு. உள்ளே உட்கார்ந்து ஸ்டார்ட் பண்ணு. நான் கம்பியை வெச்சு எங்கேன்னு கண்டுபிடிச்சுச் சொல்றேன். உனக்கே நம்பிக்கை வந்தா இறங்கு. வரலன்னா ஓட்டிட்டுப் போ.

– சரி. ஸ்டார்ட் பண்றேன்… ஐயோ, என்னப்பா இது? காலையில இவ்வளவு சத்தம் இல்லையே.

– இரு, கம்பியை வைக்கறேன். ம். மூணாவது. மூணாவது சிலிண்டருக்குக் கீழே. நல்லாத் தட்டுது.

– இதுக்கு எதுக்குப்பா கம்பி? எனக்கு இங்கேயே காதைப் பொளக்குது. எதிர்வீட்டுத் தையல்கார அக்கா மெஷினை நிறுத்திட்டு எட்டிப் பாக்கறாங்க.

– ஓடட்டும், குட்டி. நான் போய் டார்ச் எடுத்துட்டு வர்றேன்.

– அம்மா, கேக்குதா உனக்கு? நிஜமாவே தட்டுதும்மா. அப்பா பொய் சொல்லல. எனக்குப் பயமா இருக்கு. அப்பா, நான் ஆஃப் பண்ணிடறேன். ஆஃப் பண்ணிட்டேன்.

– டார்ச்சை எங்க வெச்சுத் தொலைச்சேன்னு தெரியல. ஓடட்டும், ஆஃப் பண்ணிடாதே. சூடு ஏற ஏற இன்னும் நல்லாத் தட்டும். அப்போதான் உனக்குப் புரியும்.

– ஆஃப் பண்ணிட்டேன்ப்பா.

– ம், அந்தச் சத்தம்தான். கேக்குதா? கீழேயிருந்து வருது பாரு.

– அப்பா?

– விடாம தட்டறதைக் கேட்டுக்கோ, குட்டி. நாளைக்கு இன்ஜின் கடைக்காரன் கேட்டா நீ சரியாச் சொல்லணும்.

– அம்மா. என்னம்மா இது? வண்டி நின்னுபோச்சு. சத்தமே இல்ல. எந்தச் சத்தத்தைக் கேக்கச் சொல்றார்?

– நடிப்பு. வேற என்ன? பெஞ்சுப் பக்கம் திரும்பி நின்னுக்கிட்டு நடிக்கறார்.

– அப்பா. அப்பா, உங்களுக்குப் பின்னாடியே நிக்கறேன். அப்பா, ஷெட்டுல பாம்பு.

– எங்கடி பாம்பு?

– அம்மா, நீ பயந்து குதிக்கற. அவர் அசையவே இல்ல.

– என்னது… ஏய், என்ன குட்டி? தோளைத் தொட்டா தூக்கிவாரிப் போடுது. கூப்பிட வேண்டியதுதானே? ஏன் இறங்கிட்டே? வண்டியை யாரு நிறுத்தினது?

– அம்மா, நீ இங்க வா. என் பக்கத்துல வந்து நின்னு பாரு. நான் இப்போ குரலே குடுக்காம, உதட்டை மட்டும் அசைக்கப்போறேன்.

– என்னடி விளையாட்டு இது?

– பாரு.

– மறுபடியும் அதையே சொல்றே. கிளம்பு, வேணாங்கல. இந்த வண்டியில கிளம்பாதேன்னுதானே சொல்றேன்.

– அம்மா, நான் சத்தமே போடலம்மா. 'நான் கிளம்பறேன்ப்பா'ன்னு உதடுதான் அசைச்சேன்.

– என்ன ரெண்டு பேரும் இப்படிப் பாக்கறீங்க?

– அப்பா, உங்களுக்குக் காது கேக்குதா?

– நல்லாக் கேக்குதே.

– அம்மா, உன் முந்தானையால என் வாயை மூடு. ம், இப்போ. அப்பா, நான் என்ன சொன்னேன்?

– அம்மா எதுக்கு உன் வாயைப் பொத்தறா, குட்டி?

– துணியை எடும்மா. சொல்லுங்கப்பா. இப்போ நான் என்ன சொன்னேன்?

– வாயை மூடிட்டுக் கேட்டா எனக்கு எப்படித் தெரியும், குட்டி?

– எவ்வளவு நாளா?

– விடு.

– எவ்வளவு நாளாப்பா?

– ரெண்டு வருஷம் இருக்கும். முதல்ல வலது பக்கம். அப்புறம் ரெண்டும். காத்துல வர்ற சத்தம் எதுவும் வர்றதில்ல. இந்தக் கம்பியை வெச்சு எலும்புல அழுத்தினா மட்டும் உள்ளுக்குள்ள கேக்குது. அதுல இன்ஜின் நல்லாக் கேக்கும். முன்னைவிட நல்லாக்கூடக் கேக்கும். அதை வெச்சு ஓட்டிட்டு இருக்கேன்.

– ஏன் சொல்லல? எங்ககிட்டகூடச் சொல்லாம?

– சத்தத்தைக் கேட்டு வியாதி சொல்றவன்னுதானே வண்டி கொண்டுவர்றாங்க. செவிட்டு மெக்கானிக்குன்னு தெரிஞ்சா யாரு வருவா? உங்கம்மாவுக்குத் தெரிஞ்சா தெருவுக்கே தெரியும். அவ வாய் அப்படி.

– ஊருக்கெல்லாம் சொல்வீங்களேப்பா. சத்தம் வந்த அன்னிக்கே தெரிஞ்சவன்கிட்ட காட்டு, பழகிக்காதே, பழகினா இன்ஜின் போயிடும்னு.

– வண்டிக்குச் சொல்றது சுலபம், குட்டி.

– என்னங்க.

– இந்தா, நீ ஏன் அழறே? எதிர்ல வந்து நில்லு. ஆங். இப்போ சொல்லு.

– என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? நான் எத்தனை நாள் எவ்வளவு பேசியிருப்பேன்.

– பேசியிருப்பே. தெரியும். அடுப்புல நின்னுக்கிட்டுப் பேசுவே, துணி காயப்போட்டுக்கிட்டுப் பேசுவே, என் முதுகுக்குப் பின்னாடி நின்னு பேசுவே. கஸ்டமர்னா எதிர்ல வந்து நிப்பான், உதட்டைப் பாத்துப் பிடிச்சுக்குவேன். உன் வார்த்தை எதுவும் எனக்குச் சிக்கல. அதான் எல்லாத்துக்கும் 'சரி'ன்னுடுவேன். சரின்னா நீ சண்டை போட மாட்டே.

– அந்த டிவி…

– அதுல கீழே எழுத்து ஓடுது. படிச்சுக்குவேன்.

– நான் என்னென்னவோ நினைச்சுட்டேங்க.

– நானும்தான். மழைக்கப்புறம் வீடே ஓய்ஞ்சுபோச்சு. எதிர்ல வந்தாலும் உன் உதடு அசையறதே இல்ல. மிச்சம் மீதி இருந்த காதும் போச்சா, இல்ல நீதான் பேசறதை நிறுத்திட்டியான்னு எனக்கே தெரியல. ஒருநாள் நீ தூங்கும்போது இந்தக் கம்பியை எடுத்து வெச்சுப் பாக்கலாமான்னுகூட நினைச்சேன்.

– ஐயோ, அப்பா.

– சிரிக்கத்தான் சொன்னேன், குட்டி. அழாதே. நீங்க ரெண்டு பேரும் ஒரே நேரத்துல அழுதா நான் யாரு உதட்டைப் பாக்கறது?

– நான் எங்கேயும் போகலடி. டிக்கியைத் திற. என் துணியை எடுத்து உள்ளே வை.

– என்ன சொல்றா? திரும்பிக்கிட்டுச் சொல்றா.

– அம்மா போகலையாம்ப்பா. இருக்கேங்கறாங்க.

– இருக்காளா? சரி. நல்லதுதான். வண்டி சரியாகற வரைக்குமாவது நீயும் இரு, குட்டி.

– நாளைக்கே உங்களை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன். இனிமே தள்ளிப்போடக் கூடாது. ரெண்டு வருஷம் இதை ஒருத்தருக்கும் தெரியாம எப்படித்தான் மறைச்சீங்களோ.

– ஒருத்தனுக்குத் தெரியும்.

– யாருக்கு?

– உன் மாமாவுக்கு. மழைக்கு முன்னாடி வந்திருந்தான்ல, அப்போ சீட்டாடும்போது கண்டுபிடிச்சுட்டான் திருட்டுப்பய. சீட்டால வாயை மறைச்சுக்கிட்டு என்னைத் திட்டிப் பாத்திருக்கான். நான் சிரிச்சுட்டு உட்கார்ந்திருந்தேன். அக்காகிட்ட சொல்லாதேடான்னு சத்தியம் வாங்கினேன். 'சரி மாமா, அடுத்த தடவை வரும்போது காது டாக்டர்கிட்ட நானே கூட்டிட்டுப் போறேன், மிஷின் வாங்கி மாட்டிக்கிட்டு அக்கா முன்னாடி போய் நில்லுங்க, அவ பேசறதைக் கேட்டுட்டு நீங்களே கழட்டி எறிஞ்சுடுவீங்க'ன்னான்.

– அப்பா…

– நானும் பாத்துக்கிட்டே இருக்கேன். வரவே இல்ல. ஃபோன் பண்ணிப் பேச எனக்கு வழியில்ல.

– அம்மா. அம்மா, உட்காரு.

– என்ன ஆச்சு அவளுக்கு? குட்டி, தண்ணி கொண்டு வா. இந்தா, நீ அன்னிக்கு அவன் வீட்டுக்குப் போயிட்டு வந்ததுலேர்ந்து மூஞ்சியைத் திருப்பிக்கிட்டியே, சத்தியத்தை மீறிச் சொல்லிட்டான்போல, மறைச்சேன்னு உனக்குக் கோபம்போலன்னு நினைச்சு வாயே திறக்கல நான். நிமிர்ந்து என்னைப் பாத்துச் சொல்லு. வேனுக்கு அடியில கிடந்தேன், உன் காலும் பக்கத்துல பையும்தான் தெரிஞ்சுது. நீ பையைத் தூக்கினா அவன் வீட்டுக்குத்தானே. மச்சானை விசாரிச்சேன்னு சொல்லச் சொன்னேனே, சொன்னியா?